பேரன் வாங்கிய இறக்கை

"அப்புச்சி, உங்களுக்கு பிரெஞ்சு இன்னும் மறக்கலைங்களா?" என்று கேட்டுக்கொண்டே பேரன் வந்தபோது, ஏதோ சென்ட் பாட்டில் அட்டையைப் படிக்கச் சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருடத் திருப்பூர் வாசத்தில் என் பிரெஞ்சுக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான்.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து 'ப்ரெவே' பரீட்சை தேறியவன். பிறகு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, மாற்றலில் இந்தப் பனியன் ஊருக்கு வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றேன். எங்கள் ஊரில் தாத்தா என்பார்கள். மகள் வயிற்றுப் பேரன் இங்கே பிறந்தவன், இந்த ஊர் வழக்கப்படி அப்புச்சி என்கிறான். எனக்கும் பழகிவிட்டது.

அவன் நீட்டிய செல்போனில் ஒரு கையேடு, ஐம்பது பக்கம். முதல் பக்கத்தில் மலைச் சரிவு, அதன் மேலே பிறை மாதிரி வளைந்த ஒரு துணி, துணியிலிருந்து இறங்கும் நூல்களில் தொங்கும் ஒரு மனிதன்.

"இந்த கிளைடரை வாங்கலாம்னு இருக்கேனுங்க. பழைய மாடல். இங்கிலீஷ் புக்கு கெடைக்கல. இதான் கெடைச்சுது."

கிளைடர் என்றதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். எஞ்சின் இல்லாத விமானம். புனே ஹடப்சரில் அரசாங்கத்தின் கிளைடர் மையம் உண்டு. அறுபதுகளில் நம் நாட்டிலேயே வடிவமைத்த 'ரோகிணி' என்ற மரக் கிளைடரில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பார்கள். என் பேரன் சொல்வது அது இல்லை. பாராகிளைடிங்காரர்கள் தங்கள் துணி இறக்கையைத்தான் கிளைடர் என்கிறார்கள். மடித்தால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். எடை ஐந்து, ஆறு கிலோ.

பையன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது 26. போன குளிர்காலத்திலிருந்து விடுமுறை சேர்த்து வைத்து குர்லா எக்ஸ்பிரஸில் புனே போவதும், அங்கிருந்து காம்ஷெட் போவதுமாக இருந்தான். அங்கே பவனா ஏரிப் பக்கத்துக் குன்றுகளில் பாராகிளைடிங் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று கட்டப் பயிற்சி முடித்து, தனியாகப் பறக்கலாம் என்று பன்னாட்டு அட்டை ஒன்றும் வாங்கிவிட்டான். பிரெஞ்சுக்காரர்கள் பறப்பதற்குக் கொடுக்கும் சான்றுக்கும் 'ப்ரெவே' என்றுதான் பெயர். நான் வாங்கியதும் ப்ரெவே, அவன் வாங்கியதும் ப்ரெவே. என்னுடையதை வைத்து ஃபைல் தூக்கினேன், அவன் வானத்தில் தொங்குகிறான்.

கையேட்டைப் படிக்க உட்கார்ந்ததில் எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. பாராகிளைடிங்குக்கு பிரெஞ்சில் 'பராப்பாந்த்'. பராஷூத்தில் பாதி, 'பாந்த்' என்றால் சரிவு. 1978 ஜூனில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து மியூஸி என்ற ஊரில் ழான்-குளோத் பெத்தாம், ஆந்த்ரே போன், ழெரார் போசோன் என்ற மூன்று பாராசூட்காரர்கள், விமானத்திலிருந்து குதித்துப் பழகச் செலவு கட்டுபடியாகவில்லை என்று, மலைச் சரிவில் ஓடிவந்து பாராசூட்டை விரித்துப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் இது விளையாட்டாக வளர்ந்தது. அந்த இறக்கைத் துணிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'வுவால்'. நம் வீட்டுப் பெண்கள் கோடைக்குக் கட்டும் வாயில் சேலை இருக்கிறதே, அந்த வாயிலும் இதே சொல்தான். இதைப் பேரனிடம் சொன்னேன். "சரிங்கப்புச்சி, எடை எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க" என்றான்.

விஷயம் இதுதான். காம்ஷெட்டில் பழக்கமான கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர், ஏழெட்டு வருடமாகப் பறப்பவர், புதிய இறக்கை வாங்கிவிட்டதால் பழையதைத் தள்ளிவிடுகிறார். புதியது என்றால் எப்படியும் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். இவனுக்கு 90,000க்குத் தருகிறாராம். நல்ல கம்பெனி. வேகமானது. "ஸ்கூல் கிளைடர் ஒரு மீட்டர் எறங்கறதுக்குள்ள எட்டு மீட்டர் தூரம் போகுமுங்க. இது பத்து மீட்டர் போகும். ஒரே வருஷத்துல மாத்தறதுக்கு எதுக்கு சின்னது வாங்கோணும்?"

மலிவு விலை, நண்பருடையது, வேகமானது. இந்த மூன்றையும் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1984. அப்பா காலமாகி, வீட்டுக்கு நான்தான் பெரியவன். தம்பி மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமம் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நண்பன் ஒருவனின் 350 சி.சி. வண்டி பாதி விலைக்கு வருகிறது என்றான். சின்ன வண்டி வாங்கினால் இன்னொரு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்றான். நான் பி.எஃப். முன்பணத்துக்கு எழுதிப்போட்டு வாங்கிக் கொடுத்தேன். பின்னால் உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று வந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மாதமே கடலூர் சாலை வளைவில் மணல் கிடந்த இடத்தில் விழுந்தான். இரண்டு அறுவைச் சிகிச்சை. வலது கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை.

இதை நான் பேரனிடம் அன்று சொல்லவில்லை. சொன்னால் கிழவன் பயப்படுகிறான் என்பான். படிக்கிறேன், இரண்டு நாள் கொடு என்றேன்.

எழுத்தர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது. கையேட்டின் பின்பகுதியில் சோதனை அட்டவணை இருந்தது. ஐரோப்பாவில் இந்த இறக்கைகளுக்கு ஈ.என். 926 என்ற தர விதி இருக்கிறது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. ஏதோ மார்க் போடுவது போல ஏ தாழ்ந்தது, டி உயர்ந்தது என்று நினைத்துவிடக்கூடாது. சோதனை விமானி உயரத்தில் போய் வேண்டுமென்றே இறக்கையின் ஒரு பக்கத்தை மடக்குகிறார். முன் விளிம்பைக் குழிய வைக்கிறார். அந்த நேரத்தில் இறக்கை தானாக விரிகிறதா, எவ்வளவு தூரம் திரும்பிவிட்டு விரிகிறது, ஓட்டுபவர் கை கொடுத்தால்தான் விரியுமா என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். ஏ வகை பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பறப்பவனின் தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டி வகை சரியான கையை, சரியான நொடியில் கேட்கும். இந்த இறக்கை சி.

வெறும் காற்று அடைத்த துணி அது. கம்பியோ கட்டையோ உள்ளே இல்லை. முன் விளிம்பில் இருக்கும் வாய்களின் வழியே காற்று புகுந்து, அந்த அழுத்தத்தில்தான் இறக்கை வடிவம் நிற்கிறது. மேலே காற்று கொந்தளித்தால் எந்த இறக்கையும் ஒரு பக்கம் மடங்கலாம். அதற்காகத்தான் இத்தனை சோதனை. கையேட்டின் நான்காம் பக்கத்தில், இது பயிற்சிக்கு ஏற்றதல்ல, வருடம் முழுக்கத் தவறாமல் பறப்பவர்களுக்கானது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆங்கிலக் கையேடு கிடைத்திருந்தால் பையனே அதைப் படித்திருப்பான். படித்திருப்பானா?

அடுத்தது 'பே தே வே'. மொத்தப் பறக்கும் எடை என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். பறப்பவன், உடை, பூட்ஸ், ஹெல்மெட், ஹார்னஸ் என்ற இருக்கை, அவசர பாராசூட், தண்ணீர் பாட்டில், இறக்கை எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் இருந்தால்தான் அந்தச் சான்று செல்லும். நண்பருடைய இறக்கை 95 முதல் 115.

மாப்பிள்ளை இரண்டு பேட்லாக், நான்கு ஓவர்லாக் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். அவர் கம்பெனியில் துணி ரோல் எடை போடும் மேடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேரனை முழு வேஷத்தோடு அதில் ஏறச் சொன்னேன். இறக்கை இன்னும் கைக்கு வராததால், அதற்குப் பதில் ஐந்தரைக் கிலோ கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி முதுகில் மாட்டினோம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு எடை மேடையில் நின்றவனைப் பார்த்து டெய்லர் பெண்கள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். 84 கிலோ 300 கிராம்.

"பதினொரு கிலோ குறையுதே" என்றேன்.

"தண்ணி மூட்டை கட்டிக்கலாமுங்க."

அப்படிச் செய்பவர்கள் உண்டு, இரண்டு மூன்று கிலோவுக்கு. பதினொரு கிலோவை மடியில் கட்டிக்கொண்டு சரிவில் ஓட முடியுமா? கட்டாமல் போனால் வேறு சிக்கல். எடை குறைந்தால் இறக்கை மெதுவாகும், இழுவிசை குறைந்து தொளதொளக்கும், கொந்தளிப்பில் மடங்குவது சுலபமாகும். வேகம் வேண்டும் என்று வாங்குகிற இறக்கையில் வேகமும் போய்விடும்.

நண்பர் நல்ல மனிதர். இறக்கையைப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று பையோடு கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை கம்பெனியில் கட்டிங் டேபிள் மேல் விரித்தோம். டேபிளைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. துணியைத் தொட்டதும் எங்கள் கட்டிங் மாஸ்டர், "இது என்னங்க ஜி.எஸ்.எம்.?" என்றார். இந்த ஊரில் துணியைக் கண்டால் வரும் முதல் கேள்வி. நாம் தைக்கும் டி-ஷர்ட் துணி 180 ஜி.எஸ்.எம். இது நாற்பதுக்கும் கீழே. பின்னல் துணி இல்லை, நெய்த நைலான். கட்டம் கட்டமாக நடுவில் தடித்த இழை ஓடும். ஓரிடத்தில் கிழிந்தால் அடுத்த கட்டத்தில் நின்றுவிடும். மேலே ஒரு பூச்சு, காற்று உள்ளேயிருந்து கசியாமல் இருக்க. அந்தப் பூச்சுதான் உயிர். வெயில் அதைத் தின்னும். எத்தனை வருடம் என்பதைவிட எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்பதே கணக்கு.

மாஸ்டர் யார் சொல்லியும் கேட்காமல், மேல் துணியின் நடுப்பகுதியை, முன் விளிம்பை ஒட்டினாற்போல, வாயில் வைத்து ஊதினார். பின்பக்கத்தில் என் உள்ளங்கையில் காற்று பட்டது. பிறகு வால் பக்கம் ஊதினார். படவில்லை. பறப்பவர்களும் முரட்டுச் சோதனையாக இப்படித்தான் ஊதிப் பார்ப்பார்கள் என்று பேரனே சொன்னான். முறையாகச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. குறிப்பிட்ட அளவு காற்று துணி வழியே போக எத்தனை நொடி என்று அளக்கும். நொடி குறையக் குறைய துணி ஓட்டை என்று அர்த்தம்.

நூல்களையும் விடவில்லை. கையேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் நீளம் மில்லிமீட்டரில் இருந்தது. நான் படிக்க, மாப்பிள்ளை இழுத்துப் பிடிக்க, மாஸ்டர் டேப் வைத்தார். முன் வரிசை ஏறக்குறைய சரி. பின் வரிசையில் ஏழெட்டு நூல் இரண்டு சென்டிமீட்டர் வரை குட்டை. முன் நூல்களில் பாரம் அதிகம், அதனால் நீளம் நிற்கும். பின் நூல்களில் பாரம் குறைவு, சில வகை நூல்கள் ஈரமும் வெயிலும் பட்டுச் சுருங்கிவிடும். பின் நூல் குட்டையானால் இறக்கையின் வால் எப்போதும் கொஞ்சம் கீழே இழுபட்டே இருக்கும், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவது மாதிரி. மேல் துணியும் கசிந்து, வாலும் இழுபட்டால், இறக்கை முன்னே போகாமல் அப்படியே கீழே உட்காரப் பார்க்கும். நாங்கள் அளந்தது கைக்கணக்குதான். நூல் நீளத்தைச் சரியான பாரம் கட்டி அளக்கவேண்டும் என்று கையேடே சொல்கிறது. அதனால், முறையாகச் சோதிப்பவரிடம் அனுப்பு, சான்று வரட்டும் என்றேன்.

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "காதர்பேட்டைல செகண்ட்ஸ் பனியன் பாக்கற மாதிரி பாக்கறீங்க எல்லாரும்" என்று இறக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான். செகண்ட்ஸ் பார்க்கத் தெரிந்த ஊரில் வேறெப்படிப் பார்ப்பார்கள்?

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள் சமையலறையில் பாத்திரங்களை வைக்கும் சத்தத்திலேயே அவள் யார் பக்கம் என்று தெரிந்தது. பறப்பதே வேண்டாம் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் சேர எனக்கு மனமில்லை. வேண்டாம் என்றால் நமக்குத் தெரியாமல் வாங்குவான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு புதுச்சேரிக்குப் போன் போட்டேன். தம்பிக்கு இப்போது 66. முத்தியால்பேட்டையில் சின்ன ஸ்டேஷனரிக் கடை. நாற்பது வருடத்தில் அந்த வண்டியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான் முன்பணம் எழுதிக் கொடுத்ததைப் பற்றி அவன் பேசமாட்டான், நானும் கேட்கமாட்டேன். அன்றைக்குக் கேட்டேன்.

"அது நல்ல வண்டிண்ணே" என்றான் எடுத்த எடுப்பில். "ரிப்பேர் பண்ணி எடுத்துட்டுப் போனவன் பன்னெண்டு வருஷம் ஓட்டுனான். ஒரு கீறல் இல்ல." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பையன்கிட்ட குடு" என்றான்.

பேரன் மாடிக்குப் போய்ப் பேசினான். அரை மணி நேரம். என்ன பேசினார்கள் என்பது முழுசாகத் தெரியாது. இறங்கி வந்து ஒன்று மட்டும் சொன்னான்: "வளைவு வர்றது தெரிஞ்சுதாமுங்க. என்ன செய்யோணும்னுதான் கைக்குத் தெரியலையாம்."

மறுநாள் அவனாகவே காம்ஷெட் ஆசிரியரைக் கூப்பிட்டான். அவர் நிறத்தையோ கம்பெனியையோ கேட்கவில்லை. இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்று கேட்டாராம். லாக் புத்தகத்தைப் பார்த்தால் பதினான்கு. வருடத்துக்கு எத்தனை தடவை வர முடியும்? லீவைப் பொறுத்து மூன்று, நான்கு. அப்படியென்றால் முதல் நூறு மணி நேரம் ஏ வகையில் பற, இல்லாவிட்டால் பி வகையில் சாதுவானதில் பற, அப்புறம் பேசுவோம் என்றாராம். பி வகைக்குள்ளேயே சாதுவும் முரடும் உண்டு, எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே என்றும் சொன்னாராம். ஒவ்வொரு வருடமும் நீண்ட இடைவெளி விட்டு வருகிறவனுக்கு முதல் இரண்டு நாள் கை மறந்திருக்கும், அப்போது இறக்கைக்கு நினைவிருக்க வேண்டும். இது பேரன் மொழிபெயர்த்துச் சொன்னது, அவர் இந்தியில் என்ன சொன்னாரோ.

இங்கேயே பறந்து பழகினால் என்ன என்று கேட்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை வரும் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், இந்தத் துணியும் பறக்கும், ஆனால் பின்னோக்கி. சாதாரணமாக அதன் வேகம் மணிக்கு 37, 38 கிலோமீட்டர்தான். உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றும் காற்று அதற்கு மேலேயும் அடிக்கும். போதாததற்கு சூலூரில் விமானப்படைத் தளம். தேஜஸ் பறக்கும் வானத்தில் நம் பையன் துணியைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. இங்கே தரையில் நின்று இறக்கையைத் தூக்கிப் பழகலாம், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் நண்பரிடம் இறக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் கூடப் போனேன், அவர் வருத்தப்படுவாரோ என்று. "பின் லைன் சுருங்கியிருக்குன்னு எனக்கே தெரியாதுங்க" என்று அவர் பயந்துபோய்ச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்.

மார்கழியில் பார்சல் வந்தது. பி வகை, சாதுவானது. எடை வரம்பு 75 முதல் 95. 84 நடுவாந்திரமாக உட்கார்கிறது. இரண்டு வருடப் பழையது, எழுபது மணி நேரம் பறந்தது, சோதனைச் சான்று சேர்த்து 1,60,000. பையன் சேர்த்து வைத்தது போக மீதி நான் கொடுத்தேன். இந்த முறை முன்பணத்துக்கு யாருக்கும் எழுதிப்போட வேண்டியிருக்கவில்லை.

நடு அறைக்குள் தைத்திருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தர விதி எண், வகை, எடை, வரிசை எண், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில் வியட்நாமில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது. இந்தக் கம்பெனிகள் பல அங்கேதான் தைக்கின்றன. புதுச்சேரிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு சைகோன்காரர் இருப்பார். எங்கள் பெரியப்பாவும் அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், சாகும்வரை சாப்பாட்டுக்கு முன் சைகோன் கதை சொல்வார். மாப்பிள்ளைக்கு வியட்நாம் என்றால் வேறு நினைவு. "நம்ம ஆர்டரெல்லாம் அங்கதானுங்க மாமா போகுது" என்றபடி தையலை விரலால் நீவிப் பார்த்து, "ஆனா தையல் சுத்தமுங்க" என்றார்.

தை பிறந்து ஒரு ஞாயிறு காலை, பல்லடம் பக்கம் சோளம் அறுத்த காட்டில் விரித்தோம். காற்று மெல்ல வந்தது. மாப்பிள்ளை, நான், கட்டிங் மாஸ்டர், எங்கிருந்தோ வந்த பத்துப் பிள்ளைகள். எனக்குக் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். மகளும் வந்திருந்தாள், கார் கதவைத் திறந்துவைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பேரன் இறக்கையைப் பார்த்து நின்று, நூல்களைப் பிடித்து இரண்டடி பின்னால் வைத்தான். முதல் தடவை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை சலசலவென்று காற்றை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, தலைக்கு மேல் வந்து நின்றது. நிழல் என் கட்டில் வரை வந்தது.

மாஸ்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் துணி, கீழ்த் துணி, உள்ளே தடுப்புகள் என்று விரல் விட்டு எண்ணினார்.

"ஏனுங்க, எல்லாம் வளைவு வளைவா வெட்டியிருக்காங்க. இதுல கட்டிங் வேஸ்ட் நெறைய விழுகுமே, அதை அங்க யாருங்க எடுக்கறது?"

பேரனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தன.